உட்கார்ந்தபடி கத்தி பிடித்தவர் பெயரில்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில் கழிந்தது. மனுவின் மூன்றாம் பக்கம் வரை படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது என்று தெரியும், அதனால் கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில், எம்.பி.பி.எஸ். படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகை தொடங்குங்கள். அது காலேஜ் ஃபீஸ் கட்டும் உதவித்தொகையாக இருக்க வேண்டாம். வேறு எதற்கு என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

மேரி வர்கீஸ் யார் என்று வேலூர்ப் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1925ல் கொச்சிக்கு அருகே செராயில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில், டாக்டருக்குப் படித்தார். படிப்பை முடித்து வேலைக்கு வந்த புதிதில், 1954ல், சக டாக்டர்களோடு வெளியே போனபோது வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. அதற்கு முன்னால் அவரை ஒரு நல்ல இளம் டாக்டர் என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு நாம் அவரைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு அவர் செய்தவற்றால்தான்.

அப்போது சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். தொழுநோயில் விரல்கள் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து திறக்க வைத்தவர். அவர்தான் மேரியைச் சக்கர நாற்காலியிலேயே தியேட்டருக்குள் வரச் சொன்னார். கை ஆபரேஷன் கற்றுக்கொடுத்தார். கேட்பவர்களுக்கு இது கருணைக் கதை போலத் தெரியும். தியேட்டரில் நின்றவள் என்பதால் எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. கை ஆபரேஷனை டாக்டர்கள் உட்கார்ந்துதான் செய்வார்கள். நோயாளியின் கையைப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் நீட்டி வைத்து, சர்ஜன் ஒரு பக்கம், உதவி டாக்டர் எதிர்ப்பக்கம், இரண்டு பேரும் ஸ்டூலில். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால்தான் விரல் ஆடாமல் இருக்கும். நின்றுகொண்டு அந்த வேலையைச் செய்யவே முடியாது. சும்மா தைரியம் சொல்லிவிட்டுப் போகாமல், அந்த அம்மாவின் உடம்புக்கும் வேலைக்கும் எங்கே பொருந்தும் என்று பார்த்து, சரியான இடத்தில் கொண்டு போய் உட்கார வைத்தவர் பிராண்ட்.

அந்த வகை ஆபரேஷனுக்கு நான் நாலைந்து தடவை ஸ்க்ரப் ஆகியிருக்கிறேன், அதாவது கை கழுவி, கவுன் மாட்டி, மேசை பக்கத்தில் உதவிக்கு நின்றிருக்கிறேன். வெளியூரிலிருந்து ஒரு சர்ஜன் முகாமுக்கு வருவார். கையில் டூர்னிக்கெட் கட்டி ரத்தத்தை நிறுத்துவோம். சக்தி இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, நான்கு இழையாக்கி, உள்ளங்கை வழியாக ஒவ்வொரு விரலுக்கும் ஓட்டி, இழுப்பு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துத் தைப்பார். இழுப்பு கொஞ்சம் கூடினால் விரல் விறைத்து நிற்கும். குறைந்தால் பழையபடி மடங்கிவிடும். அந்த அறையில் சத்தமே இருக்காது. இரண்டு மணி நேரத்தில் நான் டிராலியிலிருந்து கொடுத்த ஆயுதங்களை ஒரு துண்டில் சுருட்டிவிடலாம், அவ்வளவு குறைவு. இதைத்தான் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி செய்தார்.

சக்கர நாற்காலி தியேட்டருக்குள் வந்தால் சுத்தம் கெடாதா என்று எனக்குப் பின்னால் வந்த இளம் நர்ஸ்களே கேட்டிருக்கிறார்கள். ஸ்க்ரப் ஆனவர் யாராக இருந்தாலும் இடுப்புக்குக் கீழே ஸ்டெரைல், அதாவது கிருமி இல்லாதது என்று நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. கவுன் போட்ட சர்ஜனின் முழங்காலும் எங்களுக்கு அசுத்தம்தான். சக்கரம் அதற்கும் கீழே இருக்கிறது. அப்படியென்றால் பிரச்சினை ஒன்றே ஒன்று. கை கழுவி, கவுனும் கிளவுஸும் போட்ட பிறகு அவர் தன் சக்கரத்தைத் தானே தொட முடியாது. பின்னாலிருந்து மேசை வரை தள்ளிக்கொண்டு போக ஒருவர் வேண்டும்.

தள்ள ஒருவர். அந்த ஒருவருக்குச் சம்பளம். நான் கேட்கும் உதவித்தொகையில் பாதி இதற்குத்தான்.

இனி என் அண்ணன் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. அண்ணன் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவர். மகளுக்கு ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லாரிச் சக்கரம் ஏறி, இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அரசுப் பள்ளியில் படித்து நீட் எழுதி இப்போது எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020ல் வந்த பிறகு அதில் சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. என் மருமகளும் ஃபீஸ் என்று ஒரு ரூபாய் கட்டவில்லை. இதற்கு நாங்கள் குடும்பமாகக் கடமைப்பட்டிருக்கிறோம், மனசாரச் சொல்கிறேன்.

அப்புறம் ஏன் உதவித்தொகை? கேளுங்கள்.

செயற்கைக் காலில் தொடை எலும்பு மாதிரி நிலையானது எதுவும் இல்லை. வெட்டுப்பட்ட காலின் முனை காலையில் ஒரு பருமன், சாயந்திரம் ஒரு பருமன். அந்த முனையை நுழைத்து மாட்டுகிற கூடு, அதாவது சாக்கெட்டுக்குள் அது சுருங்கச் சுருங்க இடைவெளி விழும், நடக்கும்போது உரசும். அதை நிரப்ப நூல் சாக்ஸ் மாட்டுவார்கள். காலையில் இரண்டு போட்டுக்கொண்டு வார்டுக்குப் போகிறவள் மதியம் கழிப்பறையில் உட்கார்ந்து மூன்றாவதை மாட்டுவாள். வேர்வையில் அது ஊறிப்போனால் அன்றைக்கே தோல் வழன்று கொப்புளம். கொப்புளம் வந்தால் காலை மாட்ட முடியாது, ஐந்து நாள் வகுப்பு போச்சு. வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை போச்சு. முனை நிரந்தரமாக மெலிந்துவிட்டால் புது அச்சு எடுத்துப் புது சாக்கெட். முகாமில் இலவசமாகக் கால் கொடுக்கிறார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் முகாம் வருடத்துக்கு ஒரு முறை வரும், கொப்புளம் எப்போது வேண்டுமானாலும் வரும். போன வருடம் சாக்கெட் மாற்றியதில் என் ஒரு மாதப் பென்ஷன் போனது. நான் இருக்கிறேன், பரவாயில்லை. அத்தை நர்ஸாக இல்லாத பிள்ளைகள்?

முதல் வருடம் அனாட்டமி. டிஸ்செக்‌ஷன் ஹாலில் மேசையைச் சுற்றி எல்லாரும் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். ஃபார்மலின் நெடியில் கண்ணெரிய நிற்பதே கஷ்டம், இவளுக்கு ஒற்றைக்காலில் பாரம். உட்காரலாமா என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் நிற்கிறார்களே என்று பதில் வந்தது. எந்தக் கல்லூரி, யார் சொன்னது என்பதெல்லாம் வேண்டாம், சொன்னவர் கெட்டவரும் இல்லை. மூன்றாம் நாள் அங்கே வேலை பார்க்கும் அட்டெண்டர் ஒருவர், பக்கத்து லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் போடுகிற உயரமான ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்த வருடம் முழுக்க அந்த ஸ்டூல் அங்கேயே இருந்தது. வருட முடிவில் இருப்புக் கணக்கு எடுத்தபோது மட்டும் கொஞ்சம் தகராறாம்.

பால் பிராண்ட் செய்ததும் அந்த அட்டெண்டர் செய்ததும் ஒன்றுதான் என்று நான் சொன்னால் பெரிய மனிதர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

சட்டம் நம் பக்கம் வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் தரச் சொல்கிறது. முன்பிருந்த சட்டத்தில் அது 3. ஆனால் மருத்துவப் படிப்பில் ஒரு கை கொடுத்து மறு கையால் பிடுங்கினார்கள். இரண்டு கைகளும் முழுதாக, உணர்ச்சியோடு, பலத்தோடு இருக்க வேண்டும் என்று 2019 வழிகாட்டுதலில் ஒரு வரி. அதை வைத்தே எத்தனையோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். 2024 அக்டோபர் 15ல் உச்ச நீதிமன்றம், 40 சதவீத ஊனம் என்ற எண்ணை மட்டும் காட்டி ஒருவரை வெளியே அனுப்பக்கூடாது, இந்தப் படிப்பை அவரால் படிக்க முடியுமா என்பதைத்தான் ஊனத்தைச் சோதிக்கும் மருத்துவ போர்டு பார்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 பிப்ரவரியில் இன்னொரு வழக்கில் அந்த இரண்டு கை விதியையே தவறு என்று சொல்லிவிட்டது.

என் மருமகளுக்குக் கைகளில் குறை இல்லை, அதனால் போர்டில் அந்த விதி அவளைத் தொடவில்லை. காலைக் கழற்றச் சொன்னார்கள், மாட்டி நடக்கச் சொன்னார்கள், மாடிப்படி ஏறச் சொன்னார்கள். சரி, அது அவர்கள் வேலை. கடைசியில் ஒருவர், ஏம்மா, பார்மசி மாதிரி உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் படிக்கக்கூடாதா என்று கேட்டாராம். பார்மசிஸ்டுகள் நாள் முழுக்க நிற்பதை நான் 31 வருடம் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

இடம் கிடைப்பதற்கான போராட்டத்தை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளும். சேர்ந்த பிறகு நாலரை வருடம் படித்து, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக இருந்து வெளியே வருவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஹவுஸ் சர்ஜன் ஆகிவிட்டால் உதவித்தொகை என்று மாதம் ஏதோ கைக்கு வரும். அதற்கு முந்தைய நாலரை வருடத்தில்தான் நடுவழியில் நிற்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ இடங்கள் சில வருடங்களில் நிரம்பாமலேயே மற்றவர்களுக்குப் போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். வருவதே சிலர், அவர்களும் சறுக்கி விழும்படி விடலாமா?

அதனால்தான் ஃபீஸுக்கு வேண்டாம் என்கிறேன். மாதாமாதம் மாணவர் கணக்கில் விழுகிற ஒரு தொகையாக இருக்கட்டும். முன்னால் செலவு செய்து, பில் வைத்து, மூன்று கையெழுத்து வாங்கி, ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பெறுகிற ஏற்பாடு தறிக்காரர் வீட்டுக்கு உதவாது. காது மந்தமான மாணவருக்கு ஒலியைக் கூட்டிக் காட்டும் எலக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப் வேண்டும். அது சாதாரண ஸ்டெதாஸ்கோப்பைப் போலப் பல மடங்கு விலை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வார்டு வார்டாகப் போக ஓர் உதவியாள் வேண்டும். விடுதி ஒரு மூலையிலும் ஆஸ்பத்திரி ஒரு மூலையிலும் இருக்கிற கல்லூரியில் ஆட்டோவுக்கே மாதம் ஆயிரக்கணக்கில் ஆகும். என் மருமகளுக்கு சாக்கெட்டும் நூல் சாக்ஸும். என்ன தேவை என்பதை அந்தந்தப் பிள்ளை சொல்லட்டும், அதை ஒரு மறுவாழ்வு மருத்துவரும், ஏற்கெனவே டாக்டராகிவிட்ட ஒரு மாற்றுத்திறனாளியும் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொல்லட்டும். சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ஆளுக்கு வெளியே தேட வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். இறந்துபோன பெரிய டாக்டர்கள் பெயரில் கல்லூரிகளில் இருக்கிற நினைவுப் பரிசுகள் பெரும்பாலும் சர்ஜரியில் முதல் மதிப்பெண்ணுக்குப் போகின்றன. தங்கப்பதக்கம், ஒரு புகைப்படம், முடிந்தது. அது வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முதல் மதிப்பெண் வாங்குகிறவர் அந்தப் பதக்கம் இல்லாமலும் டாக்டர் ஆகிவிடுவார். கொப்புளத்தோடு படுத்து ஒரு பேப்பரில் தவறியவள் அடுத்த மாதத் தொகையும் நின்றுபோனால் என்ன ஆவாள்? தவறினாலும் தொகை நிற்கக்கூடாது. அந்த மாதங்களில்தான் அதிகம் தேவைப்படும்.

இங்கே ஒரு நேர்மையான பேச்சும் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் தியேட்டர் ஆட்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். எல்லா வேலையையும் எல்லாராலும் செய்ய முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆறு மணி நேரம் நின்று வயிற்றைத் திறந்து வைத்துச் செய்கிற ஆபரேஷனில் என் மருமகளால் நிற்க முடியாது, அவளுக்கே தெரியும். விபத்து வார்டில் ஓடுவதும் கஷ்டம். ஆனால் நல்ல கால் இரண்டும் இருக்கிற எத்தனை டாக்டர்கள் விபத்து வார்டில் ஓடுகிறார்கள்? தோல் டாக்டர், கண் டாக்டர், மனநல டாக்டர், மயக்க டாக்டர் என்று அவரவர் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவதில்லையா? கண் ஆபரேஷனும் உட்கார்ந்துதான். எங்கே போவது என்று இந்தப் பிள்ளைகளும் படித்து முடித்துத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். இப்போதே நாம் சொல்ல வேண்டாம்.

மேரி வர்கீஸும் கை ஆபரேஷனோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்குப் போய்த் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். அங்கே போனதும் ஒரு ஃபெலோஷிப்பில்தான். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்: அவரே உதவித்தொகையில் படித்தவர். திரும்பி வந்து 1960களில் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று நடத்தினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெற 1966ல் வேலூரில் ஒரு நிலையம் தொடங்கியது. இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. பாகாயத்தில் இன்றைக்கும் அவர் பெயரோடு நடக்கிறது. தென்னை மரத்திலிருந்தும் பனை மரத்திலிருந்தும் விழுந்தவர்கள், கிணற்று வேலையில் அடிபட்டவர்கள் எல்லாம் போகிற இடம் அது. என் சர்வீஸில் அங்கே எழுதி அனுப்பிய கேஸ்களில், படுக்கைப் புண்ணோடு போய், மூன்று மாதத்தில் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1972ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986ல் இறந்தார்.

அரசு உதவித்தொகைக்கு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் பெயரா, அதுவும் கேரளத்துக்காரர் பெயரா என்று ஃபைலில் யாராவது குறிப்பு எழுதலாம். சென்னை ஜி.எச். வாசலில் டாக்டர் ரங்காச்சாரி சிலையாக நிற்கிறார், அவரவருக்கு ஏற்ற நினைவு அவரவருக்கு. இந்த அம்மா படித்தது வேலூரில், அடிபட்டது அங்கே இருந்தபோது, கத்தி பிடித்தது அங்கே, வாழ்நாள் முழுக்க வைத்தியம் பார்த்ததும் அங்கேதான். அவர் ஆபரேஷன் செய்து விரலைத் திறக்க வைத்த நோயாளிகளில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள். தொழுநோய் என்று வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள். வேறு பெயர் பொருந்தும் என்றால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்குவதாக இருந்தால் விழா எடுப்பீர்கள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டீர்கள். ஆகவே ஒரு பழைய கதை. என் மருமகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஓர் அமைப்பு நடத்திய விழாவில் செயற்கைக் கால் கொடுக்கக் கூப்பிட்டார்கள். மேடைக்கு ஏழு படி. கைப்பிடி இல்லை. கால் வாங்க வந்த பதினெட்டுப் பேரும் படிக்குக் கீழே வரிசையில் நின்றோம். மேலே காலெல்லாம் மேசையில் அடுக்கியிருந்தது. கடைசியில் தொண்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு ஏற்றினார்கள். என் மருமகளைத் தூக்கும்போது அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். போட்டோவிலும் மூடிய கண்தான் விழுந்திருக்கிறது. அண்ணன் வீட்டில் அந்தப் போட்டோவை மாட்டவில்லை.

அடுத்த மாதம் அவளுக்கு சர்ஜரி போஸ்டிங். முதல் தடவையாகத் தியேட்டருக்குள் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். சமையலறைக் குழாயில் முழங்கை வரை எப்படிக் கழுவுவது, கழுவிய கையை எப்படி மேலே தூக்கிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தேன். கவுன் போட்ட பிறகு சாக்ஸ் மாற்ற முடியாது அத்தை, காலையிலேயே மூன்று போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். இரண்டரை என்று ஒரு கணக்கு இல்லையே என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மூன்று போட்டால் காலையில் முனை அழுந்தி மரத்துப்போகும், இரண்டு போட்டால் பதினோரு மணிக்கு ஆட ஆரம்பிக்கும். மெல்லிசான சாக்ஸ் ஒன்று தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

விண்ணப்பம் வாங்கும் அலுவலகம் எதுவானாலும், அந்த கவுண்டரை மட்டும் தரைத்தளத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்,
குடியாத்தம்